வராதவர் பட்டியலில் என் பெயர்

பையைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. உன் இரும்புப் பெட்டியின் வாசனை. நம் மகளிர் குழுவின் பழைய கூட்ட நோட்டுகளையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, உன் மகள் இன்று காலை கொண்டுவந்து கொடுத்தாள். இனிமேல் நான்தான் எழுத வேண்டும் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறார்களாம். ஒவ்வொரு நோட்டுக்கும் அட்டை போட்டு, மேலே வருடம் எழுதி, ஓரம் மடங்காமல் வைத்திருக்கிறாய். போய்ச் சேர்ந்த பிறகும் என் வயிறு எரிகிற மாதிரி ஒழுங்காக இருக்கிறாயடி.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உன்மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று எழுதக் கை வரவில்லை. இன்னும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுத டீச்சர் உன்னைத்தான் கூப்பிடுவார். என் கையெழுத்தும் அப்படியொன்றும் மோசமில்லை. கல்யாண விஷயத்தில் மட்டும் நான் முந்திவிட்டதாக நினைத்தேன். எனக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஆந்திரா பக்கம் நாலு ஏக்கர் நஞ்சை, போர் செட்டு. நம் ஊத்துக்கோட்டையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் அரை மணி நேரம். உனக்கு வந்தவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. தாலி ஏறும்போதுகூட உன் முகம் சுருங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். நீயோ பந்தியில் உப்பு வைத்துக்கொண்டு திரிந்தாய்.

பிறகு எல்லாம் தலைகீழானது. உன் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமானது. கம்பெனி பஸ் நம் தெருமுனையில் நின்று அவரை ஏற்றிக்கொண்டு போகும். என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துப் போய்விட்டார். மகளை அந்தப் பக்கமே விடுதியில் படிக்க விட்டுவிட்டு, நான் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வாசல் பெருக்க வந்தால் எதிரே உன் மாடி வீடு. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் என் பெயர் மாமியார் வீட்டு முகவரியிலேயே இருந்தது. எடுத்துவிட்டால் மகளுக்கு நிலத்தில் பங்கு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவைத்தேன். அந்தப் பயம்தான் பின்னால் என் காலை வாரிவிட்டது.

என்னைக் குழுவில் சேர்த்தவள் நீ. செவ்வாய்க்கிழமை தவறாமல் கூட்டம். எல்லோரும் பாயில் உட்காருவோம். ஒருநாள் நீ மட்டும் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். குனிந்து எழுதினால் இடுப்பு வலிக்கிறது என்றாய். மற்றவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே கரும்பலகை, இங்கே நாற்காலியா? உன் காலடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட நான் என்ன உன் வீட்டு வேலைக்காரியா? அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. குழுவிலிருந்து ராணி வந்து வாசலில் நிற்பாள். "யக்கா, கூப்டுறாங்க" என்பாள். தலைவலி என்று சொல்லி அனுப்புவேன். அந்தத் தலைவலி நாலு மாதம் நீடித்தது.

அப்புறம் நானாகவே வந்து பாயில் உட்கார்ந்தேன். ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. நோட்டை நீட்டினாய், கையெழுத்துப் போட்டேன்.

விதவை உதவித்தொகைக்கு நான் மனு போட்டபோது மகள் நர்சிங்கில் சேர்ந்திருந்தாள். களையெடுப்புக் கூலியில் அவளுடைய பஸ் செலவுக்கே இழுபறி. உதவித்தொகை வராவிட்டால் படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்ற நிலை. இந்த மாநிலத்தில் தொடர்ந்து குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லை, மனு நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தாளில் நான் ஆந்திராக்காரிதான். ஆனால் பிறந்து வளர்ந்த தெருவிலேயே நின்றுகொண்டு, நான் இங்கே இல்லை என்று அவர்கள் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். மேல்முறையீடு செய்யலாம் என்று இ-சேவை மையத்தில் இருந்த பெண் சொன்னாள். செய்தேன். உனக்கு மட்டும் தெரியக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். உன் மாடி வீட்டைக்கூடத் தாங்கிக்கொள்வேன், உன் இரக்கத்தை என்னால் தாங்க முடியாது.

உனக்குத் தெரியாமல் நம் தெருவில் எது நடந்தது? விசாரணைக்குப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் இந்தத் துணிப்பையோடு நின்றாய்.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம போய்க்கினு கீற?"

திருவள்ளூர் பஸ்ஸில் உன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அலுவலகத்தில் நோட்டுகளை மேசைமேல் அடுக்கினாய். எந்த வருடம், எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தாய். அங்கேயும் எனக்கு எரிந்ததுதான். வாரா வாரம் என் கையெழுத்து இருப்பதை அதிகாரி பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ஒரு பக்கத்தில் நிறுத்தினார். இந்த நாலு மாதம் எங்கேம்மா போனீங்க, ஆந்திரா பக்கமா என்று கேட்டார். எல்லாம் போயிற்று, என் வீம்பே எனக்குக் குழி தோண்டிவிட்டது என்று நினைத்தேன்.

நீ எழுந்து போய் அந்தப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தாய். அதிகாரி சத்தமாகப் படித்தார். வராதவர் என்று போட்டு என் பெயர். அதற்குப் பக்கத்தில், "ஆள் அனுப்பினோம். வீட்டில்தான் இருக்கிறார். கூப்பிட்டும் வரவில்லை." அடுத்த வாரமும் அதே வரி. நாலு மாதமும் ஒரு எழுத்து மாறாமல் அதே வரி.

எனக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இப்படியா ஒருத்தியைப் பற்றி வாரா வாரம் எழுதிவைப்பாய்? வீட்டில் இருந்துகொண்டே ஏன் போகவில்லை என்று அதிகாரி கேட்டார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"பொறாம சார்," என்றேன். "இவ மட்டும் நாற்காலி போட்டுக்கினு உக்காந்தா. அத பாக்க முடியல. அதான் ஊட்டுலயே கெடந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். உன் காது மட்டும் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது செவ்வாப்பேட்டையிலிருந்து வந்த உன் அத்தை மகன் யாரோ பஸ்ஸில் ஏறி உன்னை விசாரித்தான். இவள் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டான். "எதிர் ஊட்டுல கீறா. நம்ம ஊருதான்" என்றாய். அன்றைக்கு அதையும் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆர்டர் வந்தது, பணம் வந்தது, மகள் படிப்பை முடித்தாள். உன்னிடம் ஒரு நன்றி சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றுகூட நினைக்கவில்லை. உன்னால்தான் கிடைத்தது என்பதே எனக்கு முள்ளாக இருந்தது.

மஞ்சள் காமாலை பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோனது. உன்னை எடுக்கிற அன்று கம்பெனி பஸ் வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் அழுதேன். அழுதுகொண்டே, எனக்கு இவ்வளவு கூட்டம் வருமா என்றும் பார்த்தேன். இதையும் நீ தெரிந்துகொள்.

இன்று காலையிலிருந்து எல்லா நோட்டுகளையும் புரட்டினேன். உண்மையைச் சொன்னால், உன் எழுத்தில் ஒரு தப்பாவது கிடைக்காதா என்றுதான் தேடினேன். ராணி இரண்டு மாதம் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். வராதவர், ராணி. அவ்வளவுதான். இன்னொருத்தி சண்டை போட்டுக்கொண்டு ஆறு வாரம் வரவில்லை. அவள் பெயரும் வெறும் பெயராகத்தான் இருக்கிறது. வேறு யாருக்கும் நீ ஆள் அனுப்பவில்லை. யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நீ எழுதிவைக்கவும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த வரி எனக்கு மட்டும்தான்.

அந்த நோட்டை மட்டும் பையில் திருப்பிப் போடாமல் என் தலைமாட்டில் வைத்தேன்.

சாயங்காலம் கூட்டம். நீல நாற்காலியை எனக்கென்று துடைத்துப் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு கால் ஆடுகிறது, கைப்பிடியில் விரிசல். இதற்கா நாலு மாதம் தலைவலித்தது?

உன்னைப் போல எழுத எனக்கு வராது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறமாட்டேன். தவறினால், வீட்டில்தான் இருக்கிறாள் என்று எழுதிவைக்க நீ இல்லை.