நாகேஷ் வண்டியில் ஷில்பா

ஈஜிபுரா, பெங்களூர்
22.8.1999

அன்புள்ள தம்பி அருண்குமாருக்கு,

அக்கா சீதாலட்சுமி ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தெருவுக்குத் தண்ணீர் லாரிதான் ஒழுங்காக வருவதில்லை.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். பூத்தில் பின்னால் ஆட்கள் நிற்கும்போது சொல்ல வாய் வராது.

நீ கட்டிக்கொள்வதாக இருந்த ஷில்பா தினமும் எவனோ ஒருவன் பைக்கில், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறாள், உனக்குத் துரோகம் செய்கிறாள் என்று போன மாதம் சொன்னேன். மறுநாளே நீ அவளைக் கூப்பிட்டு, எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டாய். தம்பியைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் நம் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. காபி கொடுத்தேன், தொடவில்லை.

"ஷிஃப்ட் மாறினதுல கம்பெனி பஸ் கிடைக்கலக்கா. அதான் எங்க லைன்ல வேலை செய்யற நாகேஷ் வண்டில பொம்மசந்திரா ஃபேக்டரிக்குப் போனேன். முதல் நாளே அருணுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே. பத்திரமா போய்ட்டு வான்னாரு. உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள்.

நீ சொல்லவில்லை. நான் சொன்னபோது, "அப்படியா?" என்று அப்போதுதான் கேள்விப்படுகிறவன் போலக் கேட்டாய்.

அப்போதும் நான் விடவில்லை. என்ன இருந்தாலும் ஒருத்தனை நினைத்துவிட்டு இன்னொருத்தன் வண்டியில் ஏறலாமா என்றேன். அவள் திருப்பிக் கேட்டாள்:

"மஸ்கட் போறதுக்கு முன்னாடி அருண் அந்த மமதாப் பொண்ண நந்தி பெட்டாவுக்குக் கூட்டினு போனாரே, அது இன்னாக்கா? உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். அன்றைக்கு உங்கள் இருவருக்கும் புளிசாதம் கட்டிக் கொடுத்ததே நான்தான். உன்னைத் தேடி வந்த ஷில்பாவிடம், நீ ஓசூர் போயிருக்கிறாய் என்று சொன்னதும் நான்தான். ஆம்பளைப் பையன், நாலு இடம் சுற்றுவான் என்று விட்டுவிட்டேன். அதுவும் துரோகம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அருண். அவள் எழுந்து போகும்வரை நான் தலை நிமிரவில்லை.

நான் செய்தது அதோடு நிற்கவில்லை. அவள் அம்மாவிடமும் போய் வத்தி வைத்திருந்தேன். இப்போது வேலையை விடு என்று வீட்டில் நெருக்குகிறார்களாம். நேற்று அங்கே போய், நான் சொன்னது தப்பு, உங்கள் பெண் மேல் குற்றமில்லை என்றேன். பிறகு ஏன் உங்கள் தம்பி வேண்டாம் என்றான் என்று அவள் அம்மா கேட்டார்கள். நந்தி மலைக் கதையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. என் தம்பியாயிற்றே என்று பேசாமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மமதாவோடு உனக்கு இன்னும் பேச்சு இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. ஷில்பாவை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல். ஆனால் அதை அவள் அம்மாவிடம் உன் வாயால், உன் காரணத்தோடு சொல். அந்தப் பெண் தலையில் பழியைப் போட்டுவிட்டு விலகாதே.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீ நல்லவன் என்றுதான் அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய்யாகாமல் இருக்கக் கடவுள் உனக்குப் புத்தியைக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
சீதா