ஒரு லுங்கிக்கு இரண்டு இமைப்பு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. இன்று சொல்லாமல் விட்டது: "எனக்கு அது தெரியவே இல்லைங்க."

வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்த லுங்கியை முதலாளி என் மேசை மேல் விரித்தார். கண்ணாடிக்குக் கீழே டியூப் லைட் எரியும் மேசை. ஒரு முழ நீளத்துக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் விடுபட்டு வெள்ளைக் கோடு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஓரத்தில், பழுதில்லை என்று நான் குத்திய முத்திரை.

சொன்னது: "லைட்டு மங்கலுங்க." பொய். போன மாதம்தான் மாற்றினார்கள்.

"கண்ணு கொட்டாம பாக்குற புள்ளைன்னுதான் அம்மிணி உன்னைய இந்த மேசைல உட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு முந்தி பெரிய லோடு போவுது. இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா மடிப்புக்குப் போயிரு."

மடிப்பு மோசமான வேலை இல்லை. ஆனால் இந்த மேசை என்னுடையது. மூன்று வருடம்.

பக்கத்து மேசை ஜரினா அக்கா: "ஆரு செத்துப் போயிட்டாங்கன்னு இப்படி ஊத்துற? தொடைச்சிக்க புள்ள, துணி நனையுது."

ஜூன் 11, புதன்

எரிச்சல். இமைக்குள் மணல். பிறகு தண்ணீர் கொட்டுகிறது. மாலையில் எல்லாம் இரட்டை.

இதுவரை செய்தவை: மெடிக்கலில் கேட்டு வாங்கிய, சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து (மூன்றாவது பாட்டில், அரை மணி நேரம் வெளுக்கும், பிறகு முன்னைவிடச் சிவக்கும்). அம்மா ஊற்றிய விளக்கெண்ணெய். வெள்ளரிக்காய். வெந்தயம். எதிர் வீட்டுக்காரர்: "போனு பாக்கறதக் கொறை சாமி." போன் பார்ப்பதே இல்லை. புத்தகமும்தான்.

நாவல் பக்கம் 112-இல் நான்கு மாதமாக. பத்து வரிக்குப் பிறகு எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இதை யாரிடமும் சொல்லவில்லை. மேசை போனால் அடுத்த மேசை. படிப்பு போனால் நான் யார் என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

லீவு போட்டு நாமக்கல். கண் டாக்டர், நடுத்தர வயதுப் பெண், அவசரமே இல்லை.

கீழ் இமையில் காகிதத் துண்டு, ஐந்து நிமிடம். பிறகு மஞ்சள் சாயம், நீல விளக்கு. "கொட்டாம இருங்க" என்று எண்ணினார். நாலு எண்ணுவதற்குள் நிறுத்திவிட்டார். "காஞ்சிருச்சு. வறண்ட கண்ணு."

"தண்ணியா ஊத்துதுங்களே?"

"காஞ்சு எரியறதாலதான் ஊத்துது. அது நிக்காத தண்ணி, ஓடிரும். தண்ணிக்கு மேல மெல்லிசா ஒரு எண்ணெய் ஏடு இருக்கணும். இமை ஓரத்துச் சுரப்பியிலிருந்து வரணும். உங்களுக்கு அது அடைச்சுக் கெடக்குது. என்ன வேலை?"

"துணி செக்கிங்குங்க."

"எப்படிப் பாப்பீங்க? பாத்துக் காட்டுங்க."

என் துப்பட்டாவையே அவர் மேசையில் விரித்து, இழுத்து இழுத்துப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம். ரெண்டே தடவைதான் கொட்டினீங்க. அதுவும் பாதி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருமையாக.

"சிரிக்காதீங்க. அதான் நோயே. கொட்டினாத்தான் எண்ணெய் வெளிய வரும்."

பஸ்ஸில் திருச்செங்கோடு தாண்டும்வரை அதே நினைப்பு. மூன்று வருடமாக எதற்காகப் பாராட்டு வாங்கினேனோ அதுவே.

அவர் சொன்னவை:
– சிவப்பைப் போக்கும் மருந்து இன்றோடு நிறுத்தம்
– வெந்நீர்த் துணி ஒத்தடம், காலை மாலை பத்து நிமிடம். சூடு மணிக்கட்டில் பார்த்த பிறகே
– ஒத்தடத்துக்குப் பின் மேல் இமையைக் கீழ்நோக்கி, கீழ் இமையை மேல்நோக்கி மெல்ல நீவ
– செயற்கைக் கண்ணீர், கெடாமலிருக்க ரசாயனம் சேர்க்காத குட்டிக் குப்பி, நாலு வேளை
– முகத்தில் ஃபேன் காற்று கூடாது
– முழுசாகக் கொட்ட
– ஆறு வாரம் கழித்து வர

"முழுசாப் போகாது. கட்டுக்குள்ள நிக்கும். ஒரு மாசத்துக்கு ஒண்ணுமே தெரியாது, உட்றாதீங்க."

ஜூன் 17, செவ்வாய்

கைக்குட்டை ஒரு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. நம் தறியின் தடித்த துண்டு, எட்டு மடிப்பு: நாலு நிமிடம் தாங்குகிறது. பிறகு மறுபடி முக்க வேண்டும். அம்மா: "மூஞ்சிக்கு இட்லி அவிக்கிறயா?"

ஜூலை 3, வியாழன்

முன்னேற்றம் இல்லை. ஒத்தடம் மட்டும் விடவில்லை.

ஃபேன் தகராறு. பஞ்சு மூக்கில் ஏறாமலிருக்க எல்லா மேசையிலும் ஃபேன் முகத்தைப் பார்த்து. என்னுடையதைத் திருப்பினால் பஞ்சு எல்லாம் ஜரினா அக்காவுக்கு. "உன்ற கண்ணுக்கு என்ற மூக்கா?" நியாயம்தான். கடைசியில் தரையில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினோம். பஞ்சு வெளியே. அக்கா இரண்டு முறை தும்மிவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஜூலை 8, செவ்வாய்

மேசை மேல் ஓடும் துணியில் இமைத்தால் அந்த நொடியில் பழுது போய்விடும். எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். இமைக்காமலிருந்தால் மட்டும் என்ன தெரிந்தது?

வழி கிடைத்தது. லுங்கிக்கு லுங்கி ஒரு வெட்டுக்கோடு வரும். அங்கே மிதியிலிருந்து காலை எடுத்தால் துணி நிற்கும். நிறுத்தி, இரண்டு முறை இறுக்கமாக இமைத்து, மறுபடி ஓட்டு. ஒரு லுங்கிக்கு இரண்டு.

முதலாளி பின்னால் நின்றது தெரியாது. "என்ன அம்மிணி, நின்னுட்டே தூங்கறயா?"

சொல்லிவிட்டேன். எல்லாம். ஜூனில் லைட் மங்கல் இல்லை என்பதையும்.

அவர் மீசையைத் தடவினார். "கண்ணு கொட்டிக்கிட்டே செக்கிங்கா. இந்த வயசுல இதையும் பாக்கறேன். லோடு வரைக்கும் பாப்பம்."

ஜூலை 19, சனி

ஆடிக் காற்று. தெருவெல்லாம் மண். என் கண்ணில் இல்லை.

மாலையில் நாவலை எடுத்தேன். பக்கம் 113. 114. 131. கதாநாயகியின் பெயர்கூட மறந்துபோயிருந்தது. பரவாயில்லை, மறுபடி அறிமுகம்.

ஜூலை 25, வெள்ளி

எழுதும்போதே சிரிக்கிறேன்.

பதினோரு மணிக்கு, தைத்துச் சேர்த்த நீளத் துணியில் நாற்பதாவது லுங்கியோ என்னவோ. ஒரு முழ வெள்ளைக் கோடு. காலை எடுத்தேன். கோட்டைப் பார்த்தேன். ஓரத்தில் என் பழைய முத்திரை.

"ஏனுங்க, இது நம்ம ஜூன் மாசத்துப் பீஸுங்க. திரும்பி வந்தது."

முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த முகம்! என்னைச் சோதிக்க அவரே ஆள் வைத்து நடுவில் தைத்திருக்கிறார்.

ஜரினா அக்கா கைதட்டி: "மாட்டிக்கிட்டீங்களா? திருட்டுத் தையலு நல்லாத்தான் போட்டிருக்கீங்க!"

"சரி சரி, வேலையப் பாருங்க" என்று உள்ளே போனார். காது சிவந்திருந்தது. அதுவும் தெளிவாகத் தெரிந்தது.

ஜூலை 26, சனி

நாமக்கல். நீல விளக்கு. டாக்டர் ஒன்பது வரை எண்ணினார். "இன்னிக்கு வேணும்னா சிரிங்க."

ஒத்தடம் தொடர வேண்டும். அநேகமாக எப்போதும். பல் தேய்ப்பதுபோல.

ஜூலை 30, புதன்

லோடு கிளம்பியது. நான் பார்த்த கட்டுகளிலெல்லாம் என் முத்திரை. பக்கம் 340.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு கட்டும் திரும்பி வரவில்லை. காலையில் முதலாளி தானே குனிந்து மற்ற மேசைகளின் ஃபேன்களையும் தரையில் இறக்கி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்.