கதவைச் சாத்துகிற வேடம்

மார்ச் 3
நாற்பது வருடத்துக்கு முன்னால், வேறு இனம் என்ற ஒரே குற்றத்துக்காக எங்கள் தெருவில் குடும்பம் குடும்பமாகக் கொன்றார்களே, அதை எங்கள் நாடகக் குழு மேடையேற்றப் போகிறது. செத்தவர்களாக நடிக்க அடிதடி. பல் டாக்டர் இரண்டு தடவை சாகத் தயார். கொன்றவர்களாக நடிக்கத்தான் ஒரு ஈ காக்கை இல்லை. அட்டையில் உருவம் வெட்டி நிறுத்திவிடலாம் என்றார் டைரக்டர். தீர்ந்தது பிரச்சினை!

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வேடம். உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவள் முகத்தில் கதவைச் சாத்த வேண்டும். ஒரு வசனம்கூடக் கிடையாது. இத்தனை வருடம் நடித்ததற்குக் கிடைத்த மரியாதை.

மார்ச் 9
'உணர்ந்து சாத்துங்க சார்' என்கிறார் டைரக்டர். சரி, உணரலாம் என்று தெருவில் விசாரித்தேன். கடைக்காரர் அன்றைக்கு வெளியூராம். எதிர்வீட்டு மாமாவுக்குக் காய்ச்சலாம். அம்மா சமையல்கட்டில் இருந்தாளாம். அப்ப கொன்னது யாரு, காத்தா?

மார்ச் 10
அம்மா சாப்பிடவில்லை. 'அந்த வேஷம் உனக்கு வேணாம்டா.' ஏன் என்றால், 'சும்மாதான்.'

மார்ச் 21
முன்வரிசை பிரமுகர்களுக்காம். செத்தவர்கள் வீட்டாரைக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன். 'யாரு சார் மிச்சம் இருக்கா?' என்றார் டைரக்டர். நியாயம்தான்.

மார்ச் 22
நாடகத்தின் முதல் நாள். ஓடி வருகிறவளாக நடிக்கிற மருந்துக்கடைப் பெண் கதவருகே ஓடி வந்தாள். 'அண்ணா, உள்ள விடுங்கண்ணா!' நான் கதவில் கை வைத்ததும் மூன்றாம் வரிசையில் அம்மா எழுந்துவிட்டாள்.

'டேய், சாத்தாதடா! நான் சாத்தின மாதிரி நீயும் சாத்தாதடா!'

ஐயோ — அம்மாவா? அந்தக் கதவா? நான் பிறந்து வளர்ந்த வீட்டுக் கதவா?

சனம் விசில் அடித்துக் கைதட்டியது. அம்மாவையும் நடிகை என்று நினைத்துவிட்டார்கள். 'சாத்துங்க சார்!' என்று பக்கவாட்டிலிருந்து டைரக்டர் பல்லைக் கடித்தார்.

சாத்தினேன். உணர்ந்துதான் சாத்தினேன்.

மார்ச் 23
காலையிலேயே டைரக்டர் போன். 'அம்மா பின்னிட்டாங்க சார்! தினமும் கூட்டிட்டு வாங்க. அதே எடத்துல கத்தட்டும்.'

அம்மாவிடம் சொன்னேன்.

'வரேன். ஆனா நீ அவள உள்ள விடணும்.'

'விட்டா அப்புறம் நாடகமே இல்லையேம்மா.'

'இல்லாம போகட்டுமேடா' என்று அழுதாள். நானும் அழுதேன்.

மார்ச் 24
நேற்று அவளை உள்ளே விட்டேன். நாடகம் பாதியிலேயே முடிந்துவிட்டது. சாவைப் பார்க்கத்தானே டிக்கெட் வாங்கினோம் என்று வாசலில் ஒரே ரகளை. டைரக்டர் என் முகத்தில் விழிக்க மாட்டாராம்.

அம்மா சாப்பிட்டாள்.