கவண்காரிக்கு வாள் எதற்கு

இன்று காலை உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது நம் நாவலின் அட்டைப்படம் போனில் வந்தது. திறந்து பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் நாயகி கவண்காரி போர்க்களத்தின் நடுவே நிற்கிறாள். கையில் கவட்டைக் குச்சியும் ரப்பரும். ஓணான் அடிக்கிற உண்டிகோல். ராஜாக்கள் காலத்துப் போரில் ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்க நீ இல்லை. போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நானே பதிப்பாளருக்குப் போன் போட்டேன்.

"கவண்னா அதுதானேம்மா, பசங்க வச்சிருப்பாங்களே," என்றார்.

நாம் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியும். வாள், வேல், கேடயம் என்று எத்தனை வீடியோ பார்த்தோம். வெள்ளைக்காரர்கள் இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு புல்தரையில் மோதிக்கொண்டார்கள். "நம்மூரு நஞ்சையில எறங்கி இத்த சுத்தச் சொல்லு. காலு சேத்துல மாட்டிக்கினு கீது, வாளு எங்க போவும்?" என்றாய். மறுநாளே என்னை உழுத சேற்றில் இறக்கி, கையில் கடப்பாரையைக் கொடுத்துச் சண்டை போடச் சொன்னாய். நான் குப்புற விழுந்தேன். நம் நாயகியின் வாளும் அன்றோடு போயிற்று.

பிறகுதான் உன் அம்மா சின்ன வயதில் கம்பங்கொல்லையில் கிளி விரட்டிய கவண் உனக்கு ஞாபகம் வந்தது. நடுவில் கல் வைக்க ஒரு பட்டை, இரண்டு பக்கமும் கயிறு. சுழற்றி ஒரு கயிற்றை விட்டால் கல் பறக்கும். பழைய தாவணியைக் கிழித்துப் பின்னி ஏரிக்கரைக்கு எடுத்துவந்தாய். முதல் கல் பின்பக்கமாகப் பறந்து, மாடு மேய்த்தவரின் குடையைக் கிழித்தது.

"இன்னாமே பண்ணிக்கினு கீறீங்க?" என்று கத்தினார்.

"கதை எழுதறோம் நைனா," என்றாய், ஒன்றும் தெரியாதவள் போல.

உன் கோபம் ஆயுதத்தோடு நிற்கவில்லை. எந்தக் கதையைத் திறந்தாலும் போரில் ராஜா, தளபதி, அவர்கள் பெற்ற பிள்ளைகள். "கூலிக்குப் போனவங்க சண்டைக்கும்தானே போயிருப்பாங்க? நம்ம தெரு ஆளுங்க எங்கடி அதுல?" என்று கேட்டாய். நம் ஊர்க் குடவோலைக் கல்வெட்டிலும் நிலம் வைத்திருந்தவன் பெயர்தானே குடத்தில் விழுந்தது. கதையிலாவது நிலமில்லாத ஒருத்தி முன்னால் நிற்கட்டும் என்றுதான் அவளை உண்டாக்கினோம்.

அட்டை தப்பு என்று பதிப்பாளரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழப்பமே வேணாம், வாளே குடுத்துடலாம்," என்றார். "கூலிக்காரி கைக்கு வாள் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அவ நிஜத்துல ராஜா பொண்ணு, குழந்தையிலயே காணாமப் போனவன்னு கடைசியில ஒரு பக்கம் சேத்துடுங்க."

கல்லை எடுத்தவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாள் என்றதும் அப்பன் பெயர் வேண்டியிருக்கிறது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ஏறி இறங்கிய பதிப்பகங்களில் இவர் ஒருவர்தான் ஒப்புக்கொண்டவர். உன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது உனக்குத் தெரியாது. பார்க்கும்போதெல்லாம் உன் அம்மா, "பொஸ்தகம் எப்ப வரும்?" என்கிறார். அதனால் பதிப்பாளரிடம் உடனே மறுத்துச் சொல்ல என்னால் முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, நேரே உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம் வந்தால் போதும் என்பார் என்று நினைத்தேன். கீரையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

"அவ ராசா பொண்ணுன்னா, கொல்லையில வச்சி அவள வளத்தவ இன்னா, புள்ள திருடியா?"

அங்கேயே உட்கார்ந்து பதிப்பாளருக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் படியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். உன் அம்மா அடுத்த கீரைக் கொத்தை எடுத்தார்.

புத்தகம் எப்போது வரும் என்று இனி என்னால் சொல்ல முடியாது. அந்தக் கோபம் உன்னோடு பிறந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அது உன் அம்மாவிடமிருந்து வந்ததடி. இப்போது என்னிடம் இருக்கிறது. இன்னும் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.