கொட்டாஞ்சேனை மினுங்கியது

இன்று காலை நுணுக்குக்காட்டியில் குனிந்தபோது அந்தப் பச்சை வளையம் தெரிந்தது. உன்னுடைய பச்சை. கலத்தின் கருவைச் சுற்றிப் பளிச்சென்று, கொஞ்சம் திமிரோடு. சத்தியமாக எனக்கு அழுகை வரவில்லையடி. "இவளைப் பாருங்கோ" என்று வெள்ளவத்தை முழுக்கக் கேட்கக் கத்தவேண்டும் போலிருந்தது.

பெருங்குடல் அழற்சியோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வேலைக்கு வந்தவள் நீ. உன் வீடிருந்த கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் வரும் வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்பது உனக்கு மனப்பாடம். அதைச் சொல்லி நீதான் முதலில் சிரிப்பாய். உன் இரத்தத்தையும் நீயே பரிசோதித்தாய். கிருமியைப் பிடிக்கவேண்டிய அன்ரிபொடி, உன் சொந்த வெண்குருதிக் கலங்களைப் பிடித்து, நாங்கள் சேர்த்த சாயத்தில் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"இதுதானோ உன்ர குடலைக் கடிக்குது?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? இது கள்ளனோ சாட்சியோ எண்டு பெரிய டொக்டர்மாருக்கே இன்னும் பிடிபடேல்ல. என்ன வருத்தமெண்டு கண்டுபிடிக்க உதவுதெல்லே, அது காணும்."

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல், பெற்றோல், காஸ் என்று எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒப்பீட்டுச் சீரம், இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், நின்றுபோனது. இந்த அன்ரிபொடி இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த ஒரு சீரம் பக்கத்தில் மினுங்கினால்தான் நோயாளியின் முடிவை நம்பலாம். பரிசோதனையையே நிறுத்திவிடுவோம் என்றார் எங்கள் டொக்டர். நீ சட்டைக் கையை மடித்தாய்.

"என்ர இருக்குதே, சேர். எனக்குக் கரைச்சல் குடுக்கிற சாமான், மற்ற ஆக்களுக்காவது உதவட்டும்."

அவர் முறைப்படி அனுமதி வாங்கி, சரிபார்த்த பிறகே எடுத்தார். சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்தோம். பெயர் எழுதக்கூடாது என்பதால் அதற்குக் கொட்டாஞ்சேனை என்று பெயர் வைத்தோம். "கொட்டாஞ்சேனை மினுங்குதோ?" என்று மேசையின் அந்தப் பக்கமிருந்து கேட்பாய். "ஓமடி, கண் கூசுது" என்பேன். உனக்கு வாயெல்லாம் பல்.

கடைசியில் கல்லீரலும் கெட்டு நீ போய்விட்டாய். ஒப்பீட்டுச் சீரம் மறுபடி வரத் தொடங்கியது. மிஞ்சியிருந்த உன் ஒரேயொரு குழாயைப் பிறீசரின் மூலையில் ஒளித்துவைத்தேன். ஒருவரையும் தொடவிடவில்லை.

இன்று பார், வந்த புதுப் பெட்டி வழியில் சூடுபட்டுப் பழுதாகிவிட்டது. அதிலிருந்த சீரம் மங்கலாக, ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. வத்தளையிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குப் பெருங்குடலை எடுக்க யோசிக்கிறார்கள். உன்னுடைய வருத்தமா, வேறொன்றா என்று தெரியாமல் கத்தி வைக்கமுடியாது. தாய் வெளியே இருக்கிறா. நான் உன் கடைசிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். உருக்கினால் நீ முடிந்தாய். எப்படியடி மனம் வரும்?

"விசரி, பூட்டிவைச்சுக் கும்பிடவே தந்தனான்?" என்று நீ ஏசுவது காதில் விழுந்தது. உருக்கினேன்.

நீ மினுங்கினாய். பக்கத்தில் அந்தப் பிள்ளையின் சீரமும் அதே வளையத்தோடு மினுங்கியது. இது ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கமாட்டார்கள். ஆனாலும் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தபோது பட்ட சந்தேகத்துக்கு இது நல்ல பலம் என்றார் டொக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்னேரம், நீ போனபிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளை பிறீசரைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. இப்போது வெளிநாட்டுச் சீரத்தையும் இங்கே எல்லோரும் கொட்டாஞ்சேனை என்றுதான் சொல்கிறோம்; அவளுக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும்.

"அக்கா, கொட்டாஞ்சேனை முடிஞ்சுதோ?"

"இல்லை பிள்ளை" என்றேன். "ஓடர் போட்டிருக்கு. வரும்."