உங்கள் இஷ்டம்

நவம்பர் 14

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

வருடக் கடைசி விடுமுறைக்கு ஊர்க்காரர்கள் உங்கள் முகாமுக்கு வாழ்த்து அட்டைகள் அனுப்புகிறார்கள், வீட்டிலிருந்து கடிதம் வராத வீரர்களுக்கு மட்டும். எங்கள் தையற்கடைக்கு முப்பது. முதலாளியம்மா முப்பதையும் என் தலையில் கட்டிவிட்டார். கூடவே ஒரு விதித்தாள்: சோகம் கூடாது, சண்டையைப் பற்றிக் கேட்கக் கூடாது, முக்கியமாக ‘எப்போது வருவீர்கள்’ என்று கேட்கவே கூடாது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சட்டைப் பொத்தான் தைத்திருக்கிறேன். உங்களுக்கு அட்டை கிடையாது. உங்களுக்குத்தான் பெண்டாட்டி இருக்கிறாளே.

இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

டிசம்பர் 27

என் அன்புள்ள தையற்காரிக்கு,

அட்டைகள் வந்தன. எங்கள் சமையல்காரருக்கு ஒன்று கிடைத்தது. பெயர் போடாவிட்டால் எனக்குத் தெரியாதா? ஒரு பொத்தானுக்கு மூன்று முடிச்சுப் போடுகிறவள் நீ ஒருத்திதான். நாங்கள் வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்கே வந்து சத்தமாகப் படித்தார். ‘அண்ணா, நீங்கள் யாரென்று தெரியாது. ஆனால் விடுமுறையன்று எங்கள் வீட்டில் உங்களுக்கும் ஒரு தட்டு வைத்திருப்போம்.’ தினமும் இருநூறு பேருக்குப் பரிமாறுகிற மனிதர், “எனக்கு ஒருத்தங்க தட்டு வச்சிருக்காங்கப்பா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு என்ன எழுதினாய்? குழாய் ஒழுகுகிறது! ஊரானுக்குத் தட்டு, கட்டினவனுக்குக் குழாயா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. அட்டையை ஒரு நாள் இரவல் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார்.

இன்னும் ஒரு வருடம் இருக்கக் கையெழுத்துக் கேட்கும் தாளை ஜனவரி இருபதுக்குள் கொடுக்க வேண்டும். போன வருடமும் ‘உங்கள் இஷ்டம்’ என்றாய். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் நான்கு மாதம் உன் கடிதங்கள் நான்கு வரியைத் தாண்டவில்லை. இந்த முறையாவது மனத்தில் இருப்பதைச் சொல்.

உன் வண்டிக்காரன்

ஜனவரி 6

அன்புள்ள மரமண்டைக்கு,

பத்து வருடம் குடித்தனம் நடத்தியும், ‘உங்கள் இஷ்டம்’ என்றால் எனக்கு இஷ்டமில்லை என்று உங்களுக்குத் தெரியவில்லை. பாப்பாவுக்குக்கூடத் தெரியும். விளையாடப் போகட்டுமா என்று கேட்கிறாள். ‘உன் இஷ்டம்’ என்றால், பேசாமல் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறாள்.

முன்பின் தெரியாதவர்களுக்கு இனிக்க இனிக்க எழுதுவது சுலபம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு கேள்விதான் வந்து நிற்கிறது. கேட்டால் அங்கே உங்களுக்கு வேலை ஓடாதே என்று அதை விழுங்கிவிட்டுக் குழாயைப் பற்றி எழுதுகிறேன். அந்த விதித்தாள் எனக்குப் புதிதில்லை. இரண்டு வருடமாக வீட்டில் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

தட்டு விஷயம். அன்று வைத்தது ஒரே தட்டுதான். உங்களுடையது. முப்பது பேருக்கும் அதையே சொல்லி எழுதிவிட்டேன்.

இன்றைக்கு விதியை மீறுகிறேன். எப்போது வருவீர்கள்?

உங்கள்
தையற்காரி

ஜனவரி 17

என் தையற்காரிக்கு,

மார்ச் நான்காம் தேதி. காலையிலேயே வந்துவிடுவேன். குழாய்க்கு யாரையும் கூப்பிடாதே, நானே பார்த்துக்கொள்கிறேன்.

சமையல்காரரிடம் தட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. அவருக்கும் அது இருக்கட்டும்.

தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அதிகாரி காரணம் கேட்டார்.

“வீட்டுக்காரி இஷ்டம், சார்” என்றேன்.

உன்
மரமண்டை