லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் எழுத உட்கார்ந்தால் பாப்பா பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறாள். இவர் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு சாயங்காலமே லோரியோடு மலை இறங்கிவிட்டார். அம்மாவும் பாப்பாவும் முன்னறையில் படுத்திருக்கிறார்கள். பின்னறையில் மூன்று நாளாக நான் யாரையும் படுக்க விடவில்லை. அது ஏன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

சமையலறைச் சன்னலைச் சாத்திவிட்டேன். இருந்தும் மருந்து வாடை உள்ளே நிற்கிறது. புல்லைக் கொல்ல அடிக்கிற மருந்து. அந்த வாடை எங்கிருந்து வந்தாலும் நீங்கள் நடையை நிறுத்திவிட்டு, "யாரு, எங்க அடிக்கிறா?" என்று கேட்பீர்கள். இன்றைக்கு நீங்கள் கேட்டிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள சரிவில்தான் அடித்தார்கள். அடிக்கச் சொன்னது நான்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் மரச்சட்டம் என்னிடம்தான் இருக்கிறது. நான்கு பக்கமும் ஒரு மீட்டர், மூலையில் சிவப்புப் பெயிண்ட். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த என்னை, கூடப்பிறந்த தங்கை மாதிரி உதவிக்கு அழைத்துப்போய், அந்தச் சட்டத்தைப் புல் மேல் போட்டு, "உள்ள என்னென்ன இருக்குன்னு எண்ணு. எண்ணி முடிக்கிற வரைக்கும் டீ கிடையாது" என்றீர்கள். இரண்டு வருஷம் எண்ணினேன். இப்போது அது சமையலறை ஆணியில் தொங்குகிறது. மழை நாளில் பாப்பாவின் துணிகளை அதில்தான் காயப்போடுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் அப்பா இரண்டு பசு வைத்து லயம் முழுக்கப் பால் ஊற்றியவர். பள்ளி விட்டதும் புல் அறுக்கப் போன பிள்ளை நீங்கள். புல்லுக்கட்டில் ஒரு வகைப் புல்லை மட்டும் மாடு ஒதுக்கி வைத்ததைப் பார்த்து, ஏன் ஒதுக்குகிறது என்று கேட்டீர்களாம். யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் பல்கலைக்கழகம் போய், முனைவர் பட்டம் வாங்கி, திரும்பவும் இதே மலைக்கு வந்தீர்கள். தேயிலை பிடுங்கிப் போட்ட பழைய சரிவில் பன்னிரண்டு பாத்தி. ஒவ்வொன்றுக்கும் ராஃபியா கயிறு கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வகைத் தீவனப் புல். குளிரில் எது வளரும், எதை மாடு விரும்பித் தின்னும் என்பதுதான் அப்போது உங்கள் ஆராய்ச்சி.

அம்மா செய்ததை நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தோட்டத்துத் துரை உங்கள் பாத்திகளைப் பார்க்கத் திங்கட்கிழமை வருகிறார் என்று நான்தான் வீட்டில் உளறினேன். முப்பது வருஷம் களையெடுத்த கை அம்மாவுடையது. தேயிலைக் காட்டில் தேயிலை தவிர எது முளைத்தாலும் அவருக்குக் களைதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு பாத்தியையும் வேரோடு பிடுங்கிவிட்டார். மறுநாள் காலை நாம் போனபோது கயிறு மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே செம்மண். பிடுங்கிய புல் ஓரமாக அழகாகக் குவிந்திருந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா கண்ணு, கண்ணாடியாட்டம் ஆக்கிட்டோம். பொம்பளப் புள்ள தனியா கெடந்து பாடுபடுது, தொர வர்றப்ப காடா கெடந்தா என்னா நெனப்பாரு?"

நீங்கள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மாவுக்கு அப்போதுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. "களைன்னுல நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு நீங்கள் பிடுங்கிய குவியலைக் கிளறிக்கொண்டே கேட்டீர்கள். "அத்தை, இதுல எது லேசா வந்துச்சு? எது வரமாட்டேன்னுச்சு?"

அம்மா பயந்துகொண்டேதான் காட்டினார். "இந்தா, இது சும்மா தொட்டா வந்துரும், பால்பல்லு மாதிரி. இந்தக் குத்து இருக்கே, ரெண்டு பேரு சேந்து இழுத்தோம். அடியில யாரோ புடிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு."

"கைக்கு வேற என்ன தெரிஞ்சுச்சு?"

"இந்தக் கொடிப்புல்லு பாயாட்டம் உரிஞ்சு வந்துச்சு. ஆனா மேல் மண்ணையும் சேத்து எடுத்துக்கிட்டு வந்துச்சு கண்ணு."

பன்னிரண்டு பாத்திக்கும் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். துரை வந்தார், வெறும் மண்ணைப் பார்த்தார், போனார். திரும்பும் வழியில், "இத்தனை நாளா மாட்டு வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அடியில என்ன நடக்குதுன்னு பாக்கவே இல்லலா" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் ஆராய்ச்சி திசை மாறியது. மாட்டுக்கும் தீனியாகி, மலையையும் பிடித்து வைக்கிற புல் எது என்று தேடினீர்கள். உங்கள் துறைக்காரர்கள் இது தீவன ஆராய்ச்சியே இல்லை என்றார்களாம். கடைசியில் கட்டுரை வந்தபோது நன்றி சொல்லும் இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அந்தத் தாள் இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அம்மா விரலை வைத்துக் காட்டுவார்.

அந்தப் புல்லைத்தான் நம் லயத்துக்குப் பின்னால் நட்டீர்கள். குத்துப்புல் வரிசை வரிசையாக, நடுவில் கொடிப்புல். மாடு வைத்திருந்தவர்கள் அறுத்துக்கொண்டார்கள். "ஒரு சாண் விட்டு அறுங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது" என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நான் உங்கள் உடம்பைப் பற்றித்தான் கேட்டேன். "சரிவு எப்பிடி இருக்கு?" என்றீர்கள். நல்லா இருக்குக்கா என்றேன். "பாத்துக்க" என்றீர்கள்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை, அக்கா. கடைசி மாட்டையும் விற்ற பிறகு புல்லை யாரும் அறுக்கவில்லை. தோள் உயரம் வளர்ந்துவிட்டது. போன மாதம் ஒருநாள் பாப்பாவைப் பின்வாசலில் பாயில் உட்கார வைத்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவள் எதையோ பார்த்துக் கை தட்டினாள். திரும்பினால், கால்வாய் ஓரத்தில் பாம்பு. இரண்டு முழம் இருக்காது அவளுக்கும் அதற்கும். அது பாட்டுக்குப் புல்லுக்குள் போய்விட்டது. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அன்றைக்கே மாரி அண்ணனிடம் போனேன். அவர்தான் இப்போது நம் பக்கத்துக் கங்காணி.

"அண்ணே, பின்னால எல்லாத்துக்கும் மருந்தடிச்சிடுங்க."

"அது உங்க அக்கா வச்ச புல்லாச்சேம்மா."

"பரவால்லண்ணே. எனக்கு எம் புள்ளதான் முக்கியம்."

இதை நான்தான் சொன்னேன். அம்மா தெரியாமல் பிடுங்கினார். நான் எல்லாம் தெரிந்து, சட்டம் போட்டு எண்ணி, வேரை அளந்து பார்த்த பிறகு சொன்னேன்.

பாதிச் சரிவுக்கு அடித்தார்கள். புல் பழுத்து, கருகி, படுத்துவிட்டது. மூன்று நாளைக்கு முன் பெய்த மழையில் அந்தப் பக்கத்து மண் வழுக்கி வந்து கால்வாயை அடைத்தது. செந்தண்ணீர் பின்னறைக்குள் ஏறி, பாப்பாவின் தொட்டிலுக்குக் கீழே நின்றது. பாம்புக்குப் பயந்து, சுவர் மாதிரி நின்ற ஒன்றை நானே எடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் மீதிப் பாதிக்கு அடிக்க மாரி அண்ணன் தோளில் மருந்து டாங்கியோடு வந்தார். ஓரத்தில் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வாடை வந்தது. பாப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

"நீதானம்மா அடிக்கச் சொன்ன?"

"நாந்தாண்ணே. இப்ப நாந்தான் வேணாங்கிறேன்."

"வெளையாடுறியா? தொரகிட்ட சொல்லி, ஆபீசு கிராணி மருந்து எடுத்துக் குடுத்தாச்சு. நாளைக்கு மறுபடி பாம்பு வந்தா என்னையத்தான் கேப்ப."

அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே பின்னால் வந்திருந்தார். கருகிய பக்கம் போய், ஒரு குத்தை ஒற்றைக் கையால் இழுத்தார். மண்ணோடு வந்துவிட்டது.

"பால்பல்லு மாதிரி வருது மாரி. அந்தப் பச்சைய நீ இழு பாப்போம்."

மாரி அண்ணன் சிரித்துக்கொண்டே குனிந்தார். ஒரு கையால் இழுத்தார். பிறகு டாங்கியை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். தாள் அறுந்து கையோடு வந்தது, குத்து அசையவில்லை. உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தொரகிட்ட நான் என்னான்னு சொல்ல?"

"நான் வந்து சொல்றேண்ணே."

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபீசில் துரையைப் பார்க்கிறேன். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன். வாசலை ஒட்டிய புல்லை ஒரு சாணுக்கு அறுத்து வைத்தால் பாம்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அதை லயத்து ஆட்களே முறை வைத்து அறுப்போம். பச்சையாக இருக்கிற பாதியில் தூர் பிரித்து, செத்த பாதியில் நடுவோம். அம்மா இப்போதே கூட்டாளிகளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பாம்புக்கும் பயம், மண்ணுக்கும் பயம். ஆனால் உங்களோடு இருந்த இரண்டு வருஷத்தில் ஒன்று மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. பயந்தாலும் முதலில் குனிந்து, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெறும் மண்ணில் எதை முதலில் நடுவது என்ற இடத்தில், "கொடி? குத்து?" என்று எழுதி, இரண்டுக்கும் கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். பதில் எழுதவில்லை. பெரிய மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம்கூட இல்லை. கொடி சீக்கிரம் மூடும், ஆனால் பாயாக உரிந்துவிடும். குத்து பிடித்துக்கொள்ளும், ஆனால் வேர் இறங்க நாளாகும்.

நான் எத்தனை தடவை கேட்டாலும், "புல்லு வளர்ற வேகத்துலதான் நம்ம பதில் வரும்லா" என்பீர்கள். இந்த ஒரு தடவை அப்படிச் செய்யாதீர்கள். எதை முதலில் நடட்டும், அக்கா? சீக்கிரம் பதில் போடுங்கள்.